சம்ப் கிளப்பின் கடைசிக் கேஸட்

சூசைராஜின் தலை டிரம் மேல் சாய்ந்திருந்தது. களைத்துப்போனவன் தலையணையில் சாய்வது போலத்தான். ஆனால் டிரம்மின் வெள்ளைத் தோல் முழுக்கச் சிவந்திருந்தது. கழுத்தைச் சுற்றிக் கறுப்பு மைக் ஒயர் இறுகியிருந்தது. தலையின் பின்பக்கம் என்று சொல்ல எதுவும் மிச்சம் இல்லை.

அவன் எதிரே, இரண்டு உள்ளங்கைகளிலும் ரத்தத்தோடு, ஒருவன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான்.

வாட்ச்மேன் ஜஹாங்கீர் டார்ச் லைட்டை அங்கேயே போட்டார். இரும்புப் படிகளில் மேலே ஓடி வந்து மூடியை இழுத்துப் பூட்டினார். அப்புறம்தான் கத்தினார்.

2011 பிப்ரவரி. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால். இடம் மல்லாபூர், மூடிக் கிடக்கும் ஒரு பைப் ஃபேக்டரி.

ஹைதராபாத்தில் பூமிக்கடியில் தண்ணீர் தேக்கும் தொட்டியை 'சம்ப்' என்பார்கள். இந்த ஃபேக்டரியின் சம்ப் ஒரு கல்யாண மண்டபத்தின் அளவு. ஃபேக்டரி மூடி, தண்ணீர் வற்றிய பிறகு, லாலாகுடா ரயில்வே காலனிப் பையன் சூசைராஜ் அதற்குள் ஒரு டிரம் செட்டை இறக்கினான். அது 1998. பெயர்ப் பலகை கிடையாது, போஸ்டர் கிடையாது. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலங்களில் திருமுல்கேரி ராணுவக் குடியிருப்பிலிருந்தும், புதிதாக முளைத்த ஐ.டி. கம்பெனிகளிலிருந்தும் பையன்களும் பெண்களும் அந்த இரும்புப் படிகளில் இறங்கினார்கள். சம்ப் கிளப். அங்கே ஒரு பாட்டுக் கேட்டேன் என்று சொல்லிக்கொள்வது, இன்றைக்கும் கொண்டாப்பூர் அடுக்குமாடிகளில் ஒரு பெருமை.

2003-ல் பாடகன் அனிருத் மேடையிலேயே கரண்ட் அடித்துச் செத்தான். கிளப் அன்றோடு சரி. எட்டு வருஷம் கழித்து இப்போது அதைப் பற்றி ஒரு படம் எடுக்கிறார்கள். படத்தின் இரண்டாம் நாளே இந்தக் கொலை.

"கேஸ் முடிஞ்சுது மேடம்," என்றான் ஹெட் கான்ஸ்டபிள் நர்சிம்லு. "கையில ரத்தம், பக்கத்துல பாடி. நாஷ்தாவுக்குப் போலாமா?"

"நாஷ்தா நக்கோ, டிபனெல்லாம் வேண்டாம். மூக்கைப் பொத்திக்கிட்டுக் கீழே இறங்கு."

இன்ஸ்பெக்டர் அன்னக்கிளி. அரக்கோணத்திலிருந்து வந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவரின் மகள். வீட்டில் தமிழ், தெருவில் தக்கணி, ஸ்டேஷனில் தெலுங்கு. கோபம் வந்தால் மூன்றும்.

தாளத்தட்டு மாட்டும் ஸ்டாண்டின் இரும்பு அடிப்பாகம்தான் ஆயுதம். மூன்று கால்களிலும் முடி ஒட்டியிருந்தது. ஒரே அடி இல்லை. விழுந்த பிறகும் அடித்திருக்கிறான். சுவரில் ஆள் உயரத்துக்குத் தெறிப்பு.

அவள் முட்டி போட்டிருந்தவனைப் பார்த்தாள். உள்ளங்கைகளில் ரத்தம். வெளிர்நீலச் சட்டையில் ஒரு புள்ளி இல்லை.

மூலையில் படக்காரர்களின் சவுண்டுப் பெட்டி. அதன் மூன்று முனை ப்ளக்கில் மேலே இருக்க வேண்டிய தடித்த முனை வெட்டப்பட்டிருந்தது. அன்னக்கிளி அந்த ப்ளக்கை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். பிறகு மேலே ஏறினாள்.

ஜஹாங்கீர் சாவிக்கொத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காலமா இங்கே வாட்ச்மேன், பாய்?"

"பர்சோ ஃபேக்டரி பந்த் ஆச்சு மேடம். அப்போலேந்து நான்தான்."

அவருக்குப் பின்னால், ஃபேக்டரியின் கூரையைப் பிளந்துகொண்டு ஓர் அரச மரம் வளர்ந்து நின்றது. அதன் நிழலில்தான் நர்சிம்லு ஜீப்பை நிறுத்தியிருந்தான்.

"காலையில யாரு வந்தாங்க?"

"ஏழு மணிக்கு சூசை வந்தான். திறந்து விட்டேன். சாயா குடிக்கப் போனேன். வந்து பார்த்தா வாசல்ல கார். கீழே போனேன். யா அல்லா!"

"நீங்க இல்லாதப்போ வேற யாராவது வந்திருக்கலாமா?"

"பின்சுவரு இடிஞ்சு கிடக்கு மேடம். எருமையே வரலாம்."

ஸ்டேஷன். பத்தரை மணி.

முதலில் வந்தவள் படத்தின் டைரக்டர் ப்ரியம்வதா. இருபத்து நாலு வயது. கேமராவையும் அவளே பிடிக்கிறாள். செத்துப்போன பாடகன் அனிருத்தின் தங்கை.

"சூசைராஜ் மேல உனக்குக் கோபம் இருந்துதாமே?"

"எட்டு வருஷமா வெறுத்தேன் மேடம். அண்ணாவை அவர் இடத்துலதானே பறிகொடுத்தோம்? படத்துக்காகப் போய்ப் பேசினப்புறம்தான் அவரும் தூங்காம இருக்கார்னு தெரிஞ்சுது."

"இந்தப் படம் எதுக்கு?"

"எங்கப்பா டிஃபென்ஸ் லேப்ல சயன்டிஸ்டா இருந்து ரிடையர் ஆனவர். ராமசுவாமி. 'குடிச்சுட்டுக் கரண்டைப் பிடிச்சான்'னு அண்ணாவை ஒரே வரியில முடிச்சுட்டார். அதுக்கப்புறம் வீட்ல அவன் பேரே எடுக்கக் கூடாது. அந்த வரி பொய்யா நிஜமான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

"எப்படித் தெரியும்?"

"கடைசி ஷோவை ரெக்கார்ட் பண்ணின கேஸட் ஒண்ணு இருக்குன்னு சூசை அண்ணா நேத்து இன்டர்வியூல சொன்னார். பேஸ் கிட்டார் வாசிச்ச கிரிகிட்ட கொடுத்துட்டாராம். இன்னிக்குக் காலையில வாங்கித் தரேன்னார்." அவள் கேமரா வாரைக் கையில் சுற்றினாள். "நான் லேட்டா வந்துட்டேன் மேடம். டேங்க் பண்ட் பக்கம் ஏதோ ஊர்வலம். ஆட்டோ நகரலை."

அடுத்து சவுண்டு ரெக்கார்டிஸ்ட் சந்திரமோகன். சென்னைக்காரன். வழுக்கை, தாடி, கனத்த உடம்பு. சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருப்பவன். புதன்கிழமையே வந்து செகந்திராபாத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறான்.

வாசலில் உட்கார்ந்திருந்த ஜஹாங்கீரிடம் அவன், "கிருபயா ஸ்தான் தீஜியே," என்று இடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

"இந்த சாப் ரேடியோ நியூஸ் மாதிரி பேசறார் மேடம்," என்று ஜஹாங்கீர் அந்த நிலையிலும் சிரித்தார்.

"இந்தி நல்லா வருமோ?"

"பிரவீண் வரைக்கும் எழுதினவன் மேடம். எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் கிளாஸ். இங்கே இவங்க பேசறதுதான் இந்தி மாதிரியே இல்ல."

"காலையில எங்கே இருந்தீங்க?"

"லாட்ஜ்ல. தூக்கம்."

"ஹைதராபாத் முன்னாடி வந்ததுண்டா?"

"இதான் முதல் தடவை."

"உங்க சவுண்டுப் பெட்டி ப்ளக்குல ஒரு முனை இல்லையே?"

"எர்த் முனையா? அது இருந்தா சில இடத்துல 'ம்ம்ம்'னு ஹம் அடிக்கும். வெட்டிட்டா சுத்தமா இருக்கும்." அவன் சற்று முன்னால் குனிந்தான். "மேடம், நான் ஒண்ணு சொல்லணும். அந்தக் கிரி இருக்கானே, அவன் வியாழக்கிழமை சாயங்காலம் சூசைராஜைப் பார்க்க வந்தான். லாலாகுடாவுல, சூசை வீட்டு வாசல்ல. நான் மைக் விஷயமா பேசப் போயிருந்தேன். ரெண்டு பேருக்கும் பயங்கரச் சண்டை. 'படம் வந்துச்சுன்னா உன் மண்டையைப் பொளந்துடுவேன்'னு என் காதுபடச் சொன்னான்."

"கோர்ட்ல சொல்வீங்களா?"

"எங்கே வேணும்னாலும்."

கடைசியில் கிரி. சம்ப் கிளப்பின் பேஸ் கிட்டார்காரன். இப்போது ஒரு ஐ.டி. கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். கொண்டாப்பூரில் ஃபிளாட், மனைவி ஷோபா, லோன். கையைக் கழுவ விட்டிருந்தார்கள். நகக்கண்களில் இன்னும் இருந்தது.

"எதுக்குப் போனீங்க?"

"சூசை நேத்து சாயங்காலம் போன் பண்ணான். காலையில அந்தக் கேஸட்டைக் கொண்டுவா, அந்தப் பொண்ணு கேக்குதுன்னான். நான் கொண்டு போகல. முடியாதுன்னு நேர்ல சொல்லத்தான் போனேன். பார்த்தா இப்படி... தூக்கிப் பார்த்தேன் மேடம். தலை கையோட வந்துடும் போல இருந்துது."

"ஏன் முடியாது?"

கிரி கண்களை மூடிக்கொண்டான்.

"அன்னிக்கு நாலாவது பாட்டு. அனிருத் மைக்கைப் பிடிச்சான். விடவே இல்ல. உடம்பு அப்படியே விறைச்சு ஆடுச்சு. நாங்க அதையும் பாட்டோட சேர்த்திதான்னு நினைச்சோம் மேடம். நான் வாசிச்சுட்டே இருந்தேன். கூட்டம் கை தட்டுச்சு. வாயில நுரை வந்தப்புறம்தான் ஒருத்தி கத்தினா. அந்தக் கைதட்டல் அந்தக் கேஸட்ல இருக்கும். அதை நான் எப்படிக் கேப்பேன்?"

"குடிச்சிருந்தானா?"

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

"நீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"அன்னிக்கு சவுண்டு யாரு?"

"வாடகை செட். கூடவே மெட்ராஸ்லேந்து ஒருத்தன் வந்தான். குச்சி மாதிரி இருப்பான், முடி தோள் வரைக்கும். பேர்கூடத் தெரியாது. கலாட்டாவுல அவனும் ஓடிட்டான்."

"வியாழக்கிழமை சாயங்காலம் எங்கே இருந்தீங்க?"

கிரியின் முகம் சட்டென்று மூடிக்கொண்டது.

"சொல்ல மாட்டேன்."

"கொலை கேஸ், கிரி."

"சொல்ல முடியாது மேடம்."

மதியம் ஏ.சி.பி. வந்தார். ராஞ்சிக்காரர். ஹைதராபாத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. சட்டையில் தெறிப்பு இல்லையே என்று அன்னக்கிளி சொன்னதற்கு, சட்டையை மாற்றியிருப்பான் என்றார். சனிக்கிழமை எடுத்த பேட்டியை ப்ரியம்வதாவின் லேப்டாப்பில் ஓட்டினார்கள்.

திரையில் சூசைராஜ் உயிரோடு இருந்தான். டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து, குச்சியால் தொடையில் தட்டியபடி, பாதி தமிழும் பாதி தக்கணியுமாகப் பேசினான். கடைசி ஷோ ரெக்கார்டிங் எங்கே என்று ப்ரியம்வதாவின் குரல் கேட்டது.

"வோ கேஸட்? வோ தோ பர்சோ கிரி கோ தே தியா," என்றான் சூசைராஜ். "அவன்கிட்டதான் இருக்கு. எங்க யாருக்கும் கேக்குற தைரியம் வரல பாப்பா."

ஏ.சி.பி. மேஜையைத் தட்டினார். "பர்சோ! முந்தாநாள் கிரியிடம் கொடுத்தேன் என்கிறான். சனிக்கிழமைக்கு முந்தாநாள் வியாழன். சந்திரமோகன் சொன்னதும் வியாழன். சாட்சிக்குச் செத்தவனே சாட்சி! நாளைக் காலையில் கிரியை கோர்ட்டில் நிறுத்துங்கள்."

அன்னக்கிளி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். நர்சிம்லுவைப் பார்த்தாள். நர்சிம்லு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஷோபா வந்தாள். வந்தவள் லாக்-அப் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, உண்மையைச் சொல்லித் தொலைங்க! மேடம், வியாழக்கிழமை இவரு பெங்களூர்ல இருந்தாரு. காலை ஃபிளைட்ல போயி ராத்திரி ஃபிளைட்ல வந்தாரு. வேற கம்பெனியில இன்டர்வியூ. ஆபீஸ்ல வயித்துப்போக்குன்னு லீவு சொல்லிட்டுப் போனாரு."

"ஷோபா!" கிரி உள்ளிருந்து அலறினான். "கைக்கு சொல்றே, ஏன் சொல்றே? ஆபீஸ்ல தெரிஞ்சா என் இன்க்ரிமென்ட் போயிடும்!"

"தூக்குல போட்டா இன்க்ரிமென்டை யாரு வாங்குவா? நானா?"

அன்னக்கிளி ரொம்ப நேரம் சிரித்தாள். அப்புறம் விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பினாள். ஷோபா சொன்னது உண்மை. போன ஃபிளைட்டிலும் வந்த ஃபிளைட்டிலும் கிரி ஏறியிருந்தான். அங்கே கேமராவிலும் விழுந்திருந்தான்.

"கேஸட் எங்கே கிரி?"

"திருமுல்கேரியில அம்மா வீட்ல. பரண்ல பேஸ் கிட்டார் பெட்டி இருக்கு, அதுக்குள்ள. அன்னிக்கு போலீஸ் வர்றதுக்கு முன்னாடி சூசை அதுல திணிச்சான், எட்டு வருஷமா அந்தப் பெட்டியை நான் திறக்கல."

நர்சிம்லு தலையைச் சொறிந்தான். "மேடம், அப்போ கேஸட் எட்டு வருஷமா இவர்கிட்டயே இருந்திருக்கு. சூசை சொன்னதும் சரிதான், இவர் சொல்றதும் சரிதான்."

"ஹவ், ஆமா. ரெண்டு பேரும் உண்மைதான் பேசியிருக்காங்க. மூணாவதா ஒருத்தன்தான் இல்ல. காலையில பெட்டியோட வந்துடு. கோர்ட்டுக்கு முன்னாடி எல்லாரையும் சம்புக்கு வரச் சொல்லு."

திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி.

சம்புக்குள் இரண்டு மஞ்சள் பல்புகள். டிரம் தோலில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. கைவிலங்கோடு கிரி. ப்ரியம்வதா. சந்திரமோகன். படியருகே ஜஹாங்கீர். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திய ஏ.சி.பி. நர்சிம்லு பேஸ் கிட்டார் பெட்டியை இறக்கித் திறந்தான். துரு வாசனை. கிட்டாருக்கு அடியில் ஒரு கேஸட். அன்னக்கிளி அதை எடுத்து டிரம்மின் விளிம்பில் வைத்தாள்.

"இதை நான் இன்னும் கேக்கல. இதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சவர் இங்கே ஒருத்தர்தான். அதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பரீட்சை. ப்ரியா, சூசைராஜ் கேஸட்டைப் பத்தி இன்டர்வியூல என்ன சொன்னான்?"

"எப்பவோ கிரிகிட்ட கொடுத்துட்டேன்னார்."

"சந்திரமோகன், நீங்க ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு அதே பேச்சைக் கேட்டீங்க. என்ன சொன்னான்?"

"முந்தாநாள் கொடுத்தேன்னான் மேடம்."

"எப்பவோவா, முந்தாநாளா?"

"பர்சோன்னா முந்தாநாள். எந்தப் புஸ்தகத்துல வேணும்னாலும் பாருங்க."

"புஸ்தகம் மேலேயே இருக்கு. ஜஹாங்கீர் பாய், இந்த ஃபேக்டரி எப்போ மூடினாங்க?"

"பர்சோ மேடம்."

"கூரையைப் பொளந்துக்கிட்டு நிக்குற அந்த அரச மரம் எப்போ முளைச்சுது?"

"ஃபேக்டரி பந்த் ஆனப்புறம். அதுவும் பர்சோதான்."

ப்ரியம்வதா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஹைதராபாத்ல பர்சோன்னா முந்தாநாளும்தான், போன வருஷமும்தான், பத்து வருஷத்துக்கு முன்னாலயும்தான். முடிஞ்சுபோன எல்லாமே இங்கே பர்சோ. சூசை கேஸட்டைக் கொடுத்தது 2003-ல, அனிருத் செத்த அன்னிக்கு, போலீஸ் வர்றதுக்கு முன்னாடி. இந்த ஊர்ல வளர்ந்த ப்ரியாவுக்கு அது தானா புரிஞ்சுது. வெளியூர்ல இந்தி படிச்சவருக்குப் புரியல."

ஏ.சி.பி. தொண்டையைக் கனைத்தார். "நானும்தான் வியாழன் என்று நினைத்தேன்."

"நீங்க பொய் சாட்சி சொல்லலையே சார்." அன்னக்கிளி சந்திரமோகன் பக்கம் திரும்பினாள். "கொலையைப் பண்ணிட்டீங்க. கிரி ரத்தக் கையோட மாட்டிக்கிட்டான். அதிர்ஷ்டம். அதுக்கு மேல ஒரு சண்டையைக் கட்டிவிட்டா கேஸ் இறுகும். என்னிக்கு நடந்ததா சொல்றது? வியாழக்கிழமை ரெண்டு பேரும் நிஜமாவே சந்திச்சாங்கன்னு நீங்க நம்பினீங்க. நிஜமான சந்திப்பு மேல பொய்ச் சண்டையை ஒட்டிட்டா, கிரியால சந்திப்பை மறுக்க முடியாதுன்னு கணக்குப் போட்டீங்க. ஆனா வியாழக்கிழமை கிரி பெங்களூர்ல இருந்தான். வியாழக்கிழமைங்கிற நாள் இந்தக் கேஸ்ல உங்க தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு."

"இதெல்லாம் ஒரு ஆதாரமா?" சந்திரமோகன் சிரிக்கப் பார்த்தான். "நான் ஏன் அவனைக் கொல்லணும்?"

"எர்த் முனையை வெட்டின ப்ளக். அதை நீங்கதான் பெருமையாச் சொன்னீங்க. எட்டு வருஷம் முன்னாடி குச்சி மாதிரி ஒரு மெட்ராஸ் பையன் இங்கே வாடகை செட்டோட வந்தான். அவனும் வெட்டினான். மைக்கைத் தொட்டவன் செத்தான். இந்தப் படத்துல உங்களுக்கு வேலை வேணும்னு நீங்களே தேடி வந்தீங்களாமே, கேஸட் எப்போ தலையைக் காட்டும்னு பார்க்கவா? முடி போயிடும். உடம்பு பெருத்துடும். குரல் மாறாது. சனிக்கிழமை நீங்க மைக் டெஸ்ட் பண்ணப்போ சூசைக்கு..."

சந்திரமோகன் பாய்ந்தான். கேஸட்டைப் பிடுங்கினான். இடக்கையால் தரையில் கிடந்த ஒயரை வாரி ப்ரியம்வதாவின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தான். அவள் கால்கள் தரையை விட்டு எழும்பின.

"யாரும் கிட்ட வராதீங்க! கழுத்தை அறுத்துடும் இது!"

அவன் படியை நோக்கிப் பின்வாங்கினான். ப்ரியம்வதாவின் கண்கள் பிதுங்கின. ஏ.சி.பி. துப்பாக்கியைத் தேடினார். அன்னக்கிளி அசையவில்லை. சந்திரமோகன் எங்கே பின்வாங்குகிறான் என்று மட்டும் பார்த்தாள்.

அங்கே கிரி இருந்தான்.

எட்டு வருஷத்துக்குப் பிறகு கிரி பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தான். வாசிக்கவில்லை. விலங்கிட்ட இரண்டு கைகளாலும் அதன் கழுத்தைப் பிடித்து, கோடரி போல் வீசினான். முழங்கால் எலும்பு உடைந்த சத்தம் சம்பின் நான்கு சுவர்களிலும் எதிரொலித்தது. சந்திரமோகன் அலறிக்கொண்டு விழுந்தான். இரண்டாவது வீச்சு தோளில். மூன்றாவதுக்குக் கிரி ஓங்கியபோது அன்னக்கிளி அவன் கையைப் பிடித்தாள்.

"போதும். மிச்சத்தைக் கோர்ட்டுக்கு வை."

"சூசையை இப்படித்தானே அடிச்சான்!"

"தெரியும். அதனாலதான் சொல்றேன். போதும்."

நர்சிம்லு ஒயரைப் பிரித்தான். ப்ரியம்வதா இருமினாள், வாந்தி எடுத்தாள், மூச்சு விட்டாள். முதலில் கேட்டது, "கேஸட் உடைஞ்சுடுத்தா?"

உடையவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சந்திரமோகன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். சனிக்கிழமை அவன் மைக் டெஸ்ட் செய்தபோதே சூசைராஜ் அவனை வெறித்துப் பார்த்திருக்கிறான். காலையில் எப்படியாவது கேஸட்டை முதலில் கைப்பற்றிவிட வேண்டும் என்று பின்சுவர் வழியாக வந்தவனிடம், "நீதானே அந்த மெட்ராஸ்காரன்?" என்று கேட்டிருக்கிறான். அந்தக் கேள்விக்குத்தான் அத்தனை அடி. காற்றுச் சத்தம் தடுக்க மைக்குக்கு மாட்டும் புசுபுசு உறையால் கையைத் துடைத்து, மல்லாபூர் சாக்கடையில் எறிந்திருந்தான். அதையும் நர்சிம்லு தோண்டி எடுத்துவிட்டான், எடுக்கும்போது மூன்று பாஷையிலும் திட்டியபடி.

மத்தியானம் ராமசுவாமி ஸ்டேஷனுக்கு வந்தார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் பேனா. மகளின் கழுத்தில் இருந்த நீலத் தடத்தைப் பார்த்தார். தொடக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார்.

"உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? குடிச்சுட்டுக் கரண்டைப் பிடிச்சவனுக்காக..."

"அப்பா. உக்காருங்கோ. ஒரே ஒரு தடவை."

நர்சிம்லு தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய டேப் ரெக்கார்டரை அழுத்தினான்.

இரைச்சல். விசில். மூன்று பாட்டுகள். பிறகு ஓர் இளம் குரல், மைக்கில், தெளிவாக. போதையின் குழறல் அதில் துளியும் இல்லை.

"மெட்ராஸ் பாய், மைக் கடிக்குது. உதட்டுல சுருக்குன்னுது. எர்த் இருக்கா?"

மேடைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல், ஸ்பீக்கர் வழியாக: "எர்த் போட்டா ஹம் அடிக்குது. ரெக்கார்டிங் பாழாயிடும். பாடுப்பா."

"நக்கோ பாய். எங்கப்பா எலக்ட்ரானிக்ஸ்காரர். எர்த் இல்லாத எதையும் தொடாதேன்னு சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்திருக்கார். போட்டுட்டு வா. நான் நிக்கறேன்."

கூட்டம் சிரித்தது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"போட்டாச்சு. பாடு."

"ஷ்யூர்?"

"போட்டாச்சுப்பா. பாடு!"

கிட்டார் எழுந்தது. டிரம் எழுந்தது. சூசைராஜின் டிரம். அனிருத் ஒரு சொல் பாடினான். பிறகு பாட்டு வரவில்லை. கைதட்டல் வந்தது.

நர்சிம்லு அவசரமாக நிறுத்தினான்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் ஹார்ன் அடித்துப் போயிற்று. ராமசுவாமி பையிலிருந்த பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார்.

"கேட்டிருக்கான்," என்றார். "எர்த் இருக்கான்னு கேட்டிருக்கான். போட்டாச்சுன்னு சொன்னதை நம்பியிருக்கான்."

ப்ரியம்வதா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவர் கை பாதியில் நிற்கவில்லை. அவள் தலைமேல் போய் இருந்தது.

"இன்ஸ்பெக்டர், இதைக் கோர்ட்டுக்கு எடுத்துண்டு போயிடுவேளா?"

"போகணும் சார். கேஸ் முடிஞ்சதும் உங்ககிட்ட வரும்."

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை போடுங்கோ. எல்லாம் வேண்டாம்." அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். "எங்கப்பான்னு ஆரம்பிக்கறானே, அந்த இடம்."

நர்சிம்லு டேப்பைப் பின்னால் ஓட்டினான்.